கைதட்டுவோம், கணக்கும் கேட்போம்

2027-ஆம் ஆண்டின் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பை நம் நாடு ஏற்றிருக்கிறது. இச்செய்தி வந்த நாளிலிருந்து தோட்டத்து ஆபீசிலும் பால் நிறுக்கும் கொட்டகையிலும் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. "நம் நாட்டில் நடக்கிறது, நமக்குப் பெருமைதானே!" என்பது ஒரு கட்சி. "ஓடுவதற்கும் குதிப்பதற்கும் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஆளில்லை" என்பது மற்றொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று கேட்கும் தோழர்களுக்கு, இரண்டிலும் சந்தா கட்டியவன் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும். இரண்டு கட்சியின் வழக்கையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெருமைக் கட்சியின் வழக்கை முதலில் எடுப்போம். 1998 செப்டம்பர் 11 முதல் 21 வரை கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. 70 நாடுகள் வந்தன. ஆசியாவில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. வெள்ளைக்காரரின் பெரிய ஊர்களுக்கே பெரும்பாலும் சொந்தமாயிருந்த அந்த விழா, 1966-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போனதற்குப் பிறகு நம்மைப் போன்றதொரு நாட்டுக்கு வந்தது அப்போதுதான். நாணயம் சரிந்து, கம்பெனிகள் ஆட்டம் கண்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீரையே பங்கீடு செய்து விட்ட ஆண்டு அது. அப்படிப்பட்ட ஆண்டில் மலேசியா 10 தங்கம், 14 வெள்ளி, 12 வெண்கலம் பெற்று நான்காம் இடத்தில் நின்றது. சரவாக்கின் சாபோக் பிக்கி குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினார்.

ஆனால், நம் லயங்களில் இன்றும் பேசப்படும் பெயர் கோ. சரவணனுடையது. 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். திடல் தடப் போட்டிகளில் காமன்வெல்த் அரங்கில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. வாத்தியார் அந்தப் பெயரை உரக்கச் சொன்னபோது, அதைப் பள்ளிக்கூடத்து இடாப்பிலிருந்து எடுத்தாற்போல் எங்களுக்குத் தோன்றிற்று. எங்கள் வகுப்பிலேயே இரண்டு சரவணன்கள் இருந்தார்கள்!

அந்த நடைப் போட்டியின் விதியைக் கவனியுங்கள். ஓடக்கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருக்க வேண்டும். முன்வைக்கும் காலின் முழங்கால் மடங்கக்கூடாது. நடுவர்கள் வழி நெடுக நின்று பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். தவறினால் எச்சரிக்கை, மேலும் தவறினால் வெளியேற்றம். இப்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். இதைப் பால்மரம் வெட்டுகிற ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கி, 500, 600 மரத்தையும் ஒருமுறை வெட்டுவதற்குச் சுற்றி, பிறகு பால் எடுப்பதற்கு இன்னொரு முறை சுற்றுகிற கால்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். ஆகவே நின்று இளைப்பாற முடியாது. பட்டையில் காயம் பட்டால் மண்டோர் வருவார். வித்தியாசம் ஒன்றே: இங்கே கைதட்ட எவரும் இல்லை. சரவணனுக்குக் கைதட்டினபோது நம் மக்கள் தங்களுக்கும் கொஞ்சம் தட்டிக்கொண்டார்கள் என்றால், அதில் குற்றமென்ன?

இந்தப் பெருமையிலேயே ஒரு சிக்கலும் உண்டு. 1975-இல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. நம் அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அரையிறுதியில் நமக்கு எதிரே நின்றது இந்தியா. மலேசியா இருமுறை முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அஸ்லம் ஷேர் கான் கோல் போட்டுச் சமன் செய்தார்; கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. பிறகு மார்ச் 15-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தையும் கொண்டுபோயிற்று. நமக்கு நான்காம் இடம். அன்றிரவு ஒரே லயத்தில், ஒரே வீட்டில், தகப்பனார் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் இருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கப்பலில் வந்த தலைமுறைக்கு இந்தியா. இங்கே பிறந்து, சிவப்பு அடையாளக் கார்டுக்கும் நீல அடையாளக் கார்டுக்கும் நடுவே அலைந்த தலைமுறைக்கு மலேசியா. சண்முகநாதனின் அணி தோற்றபோது அழுத அந்த மகன்தான் இந்த நாட்டுக்காரன். அவன் அப்படி அழுததற்குக் காரணம், போட்டி அவன் கண்ணெதிரே, அவன் ஊரில் நடந்ததுதான். எங்கோ ஓர் அந்நிய நகரத்தில் நடந்திருந்தால் பத்திரிகைச் செய்தியோடு போயிருக்கும். ஒரு நாடு போட்டியை ஏற்று நடத்துவதால் கிடைக்கும் இலாபங்களில், எந்த ஏட்டிலும் பதிவாகாத இலாபம் இது. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நிற்க. இனி மற்றக் கட்சியின் வழக்கு.

1998-இல் உலகம் கண்டு வியந்த புக்கிட் ஜாலில் அரங்கு எந்த மண்ணில் நிற்கிறது? அது தோட்டம். புக்கிட் ஜாலில் எஸ்டேட். நம்மைப் போன்றவர்கள் வேலை செய்து, பிள்ளை பெற்று, கோயில் கட்டிக் கும்பிட்ட இடம். அங்குள்ள தமிழ்ப் பள்ளியின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிப் பார்த்தால் அடுக்குமாடிகள்! புல்வெளிப் பந்துருட்டு ஆட்டம் நடந்த புக்கிட் கியாராவும் தோட்டமாயிருந்ததுதான். கிரிக்கெட் ஆட்டங்களில் சில இரப்பர் ஆய்வுக் கழகத்துத் திடலில் நடந்தன. நம் நிரைகளில் நிற்கும் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' மரத்தை உலகத்துக்குத் தந்த அதே கழகம்தான். டெண்டுல்கர் வந்து ஆடிய போட்டி அது என்று நம் இளைஞர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். சுங்கை பூலோவிலிருந்த அக்கழகத்தின் நிலமும் பிற்பாடு குவாசா டாமன்சாரா என்ற நகரத்துக்குப் போய்விட்டது என்பதையும் கூடவே சொல்லட்டும்.

நியாயம் தவறாமல் பேசவேண்டும். விளையாட்டுப் போட்டிக்காகவே புக்கிட் ஜாலில் தொழிலாளர் வீடிழந்தார்கள் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அத்தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது 1980-இல். காமன்வெல்த் போட்டி நமக்குக் கிடைத்ததோ 1992-இல், பார்சிலோனாவில் நடந்த வாக்கெடுப்பில். எனவே பழி போட்டியின் மேல் விழாது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபீசில் ஏடு எழுதுகிறவனுக்கு உறுத்துவது அதுதான். 1992-இல் வாக்கு, 1998 ஜூலையில் அரங்கு திறப்பு. ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கு எழுந்தது. நீச்சல் குளம் வந்தது. ஹாக்கித் திடல் வந்தது. நகரத்திலிருந்து இலகு ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. அதே மண்ணில் மரம் வெட்டியவர்களின் குடும்பங்கள் 2011-லும் பழைய லய வீடுகளிலேயே இருந்தன. அந்த ஆண்டில் 41 குடும்பங்கள், மாநகர் மன்றம் வீடுகளை உடைக்க வந்தபோது எதிர்த்து நின்று, எங்களுக்கு நான்கு ஏக்கர் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தன. நான்கே ஏக்கர்! 1980 முதல் 2011 வரை 31 ஆண்டுகள். புக்கிட் கியாராவிலும் இதே கதைதான்: 1980-களின் தொடக்கத்தில் 'தற்காலிக' லயத்துக்கு மாற்றப்பட்டவர்கள், அங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டார்கள்.

இந்த நாட்டுக்குக் கட்டத் தெரியும். குறித்த நாளில் கட்டி முடிக்கவும் தெரியும் என்பதை 1998 காட்டியது. நம் மனத்தில் முள்ளாய்க் குத்துவதும் அதுதான். கட்ட வழியில்லை என்ற பேச்சை இனி நம்ப முடியாமற் போய்விட்டது.

அப்படியானால் போட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதையும் பார்த்துவிட்டோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை 2023-இல் கைவிட்டது. அதை நீங்கள் எடுத்து நடத்துங்கள், 10 கோடி பவுன் தருகிறோம் என்று நம் நாட்டிடம் கேட்டார்கள். காலம் போதாது, செலவு தாங்காது என்று 2024 மார்ச்சில் நம் அரசாங்கம் மறுத்தது. பிறகு அது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போயிற்று. மறுத்தது விவேகம் என்றே நானும் எண்ணினேன். கொஞ்சம் தலைகுனிவாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? ஆனால், செலவழிக்காமல் மிச்சம் பிடித்த அந்தப் பணத்தில் ஒரு தோட்டத்து லயத்துக்காவது புதுக் கூரை வந்ததா? நான் காணவில்லை. ஆகவே, 'போட்டியை நிறுத்து, கூரை தானாக வரும்' என்று பேசும் தோழர்களின் வாதமும் நிற்காது. போட்டி நடந்தபோதும் நமக்கு வரவில்லை, நடவாதபோதும் வரவில்லை. கேட்கிறவன் ஒழுங்காகக் கேட்காதவரை எப்போதும் வராது.

நெகிரி செம்பிலானில் இருக்கும் நமக்கு இது அயலூர்க் கதையன்று. எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் 1998-இல் விமான நிலையம் திறந்தார்கள். 1999-இல் மோட்டார்ப் பந்தயத் தடம் திறந்தார்கள். தோட்டங்கள் இருந்த வட்டாரம் அது. 'பார்முலா ஒன்' பந்தயம் 2017-ஓடு நின்றுவிட்டது. கட்டணச் சீட்டு விற்கவில்லை, செலவு கட்டவில்லை என்றார்கள். பந்தயம் போனாலும் தோட்டம் திரும்பாது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் மரம் நின்ற இடங்களிலெல்லாம் மாடிவீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. 'மலேசியா விஷன் வேலி' என்ற பெயரில் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பெரிய போட்டியின் பெயரைச் சொல்லி இங்கே நிலம் அளக்க வந்தால், நம் கையில் என்ன இருக்கிறது? வேலை போனால் வீடும் போகிற ஏற்பாடுதானே இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பெருமைக் கட்சியினர் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பந்துத் திடல் உண்டு. ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கிடையே மாலை ஆட்டம் என்றால் லாரி போட்டுக்கொண்டு போவார்கள். ஹாக்கி மட்டையில்லாத பையன் வளைந்த கொம்பை வெட்டிக்கொண்டு ஆடுவான். 1976 மொந்திரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறிற்று. அந்தப் புல்விரிப்பு நகரத்துக்கு வந்ததே தவிர தோட்டத்துக்கு வரவில்லை. இருந்த மண் திடலிலும் பாதிக்கு மேல் செம்பனை நட்டுவிட்டார்கள். மீதியில் லாரி நிற்கிறது. அடுத்த சரவணன் எங்கே நடந்து பழகுவான்? மாநகரில் ஆயிரம் அரங்கு கட்டினாலும், விளையாட வருகிற பிள்ளைக்கு வீட்டுப் பக்கத்தில் நாலு முழத் திடல் இல்லையென்றால், நாம் கைதட்டுகிற ஜனமாக மட்டுமே இருப்போம்.

ஆகவே சங்கம் கேட்க வேண்டியது இன்னதென்று என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். 2027 போட்டியை வரவேற்போம், மனமார வரவேற்போம். அதற்காகவோ, அதை ஒட்டிய சாலைக்காகவோ, கட்டடத்துக்காகவோ எந்தத் தோட்டத்து நிலத்தைத் தொட்டாலும், அங்குள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுச் சாவி கையில் கொடுத்த பிறகே முதல் கல்லை நடட்டும். சாவி என்றால் சாவி. கடிதம் அன்று, வாக்குறுதி அன்று, தற்காலிக லயம் அன்று. நெகிரியில் மிஞ்சியிருக்கும் தோட்டத்துத் திடல்களை ஒன்று விடாமல் எண்ணி, அவற்றை விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கும்படி மாநில அரசாங்கத்தைக் கேட்கட்டும். எண்ணுகிற வேலையைச் சங்கத்துக் கிராணிமார் நாமே செய்யலாம். செக்ரோல் எழுதுகிற கைக்கு அது பெரிய பாரமன்று. போட்டி நாட்களில் மரம் வெட்டுகிறவர் ஒரு நாளாவது பேர் போகாமல் சென்று பார்த்துவரச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சிலர் சிரிப்பார்கள். 2013-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடப்புக்கு வருமுன்னே அதைக் கேட்டபோதும் சிரித்தார்கள்.

இதைத் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிளைக் கூட்டத்தில் முன்மொழிய எழுந்திருப்பேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மரம் வெட்டும் தோழர் ஒருவராக இருந்தால் நல்லது.