மெத்தையில் விழுபவர் என் அம்மா அல்ல

நான் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரன், பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பொறியியல் படிக்கப்போன என் பழைய மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அடிக்கடி தேர்ந்தெடுப்பது, முதியவர் விழுந்தால் பிள்ளைகளின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கைப்பட்டையை. நல்ல எண்ணம்தான். 2021 கணக்கீட்டின்படி தமிழகத்தில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

ஆனால், அந்தப் பட்டை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது? மெத்தை விரித்து, வேண்டுமென்றே விழுந்து காட்டும் இருபது வயதுப் பையன்களை. உலகெங்கும் இத்துறை ஆய்வுகள் பலவற்றில் இதே வழக்கம்தான். வயதானவர்களைத் தள்ளிவிட்டுச் சோதிக்க முடியாது, சரி. அவர்கள் விழாமல் நடமாடும் அன்றாட அசைவுகளை அளக்க என்ன தடை?

ஒரு மாணவி தன் பட்டையை என் அம்மாவுக்குக் கட்டிவிட்டாள். அம்மாவுக்கு 71 வயது; இன்னும் காட்டு வேலைக்குப் போகிறார். குச்சிக்கிழங்கு பிடுங்கும்போது செடியை அசைத்து அசைத்து இழுக்க வேண்டும். மண் சட்டென்று விடும். உடம்பு குலுங்கிப் பின்னால் சாயும். உடனே என் போன் அலறியது. களைக்கொத்தை ஓங்கிப் போட்டாலும், திண்ணையில் பொத்தென்று உட்கார்ந்தாலும் அலறியது. "இதக் கழட்டிரு கண்ணு, வேல ஓட மாட்டேங்குது" என்றார் அம்மா.

அந்தப் பெண் கழற்றிக்கொண்டு போய்விடவில்லை. நோட்டும் கையுமாகக் காட்டிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு குறித்தாள். குலுக்கலுக்குப் பிறகு உடம்பு அசையாமல் கிடந்தால் மட்டும் ஒலிக்கும்படி நிரலை மாற்றினாள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மா தடுமாறுவது காட்டில் அல்ல, விடியற்காலையில் பாயை விட்டு எழும்போது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டியது பட்டையைவிட அவசரம் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான்.

இப்படிப் பயன்படுத்துபவரோடு உட்கார்ந்து கருவி செய்வது புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் ஆய்வு மையம், சக்கர நாற்காலியில் வாழ்பவர்களோடு சேர்ந்தே கருவிகளை உருவாக்குகிறது. 2019இல் வந்த, எழுந்து நிற்கவைக்கும் 'அரைஸ்' நாற்காலி அங்கே பிறந்தது. அவரும் அங்கே படித்த சுவஸ்திக் சௌரவ் தாஷும் தொடங்கிய 'நியோமோஷன்' நிறுவனத்தின் 'நியோஃப்ளை' நாற்காலியை, அமர்பவரின் உடம்புக்கேற்ப 18 வகையில் மாற்றலாம். உட்காருபவரைக் கேட்காமல் இப்படியொரு நாற்காலி வந்திருக்காது.

பெரிய நிறுவனத்தால்தான் இப்படிக் கேட்டுச் செய்ய முடியும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கொல்லிமலைப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். தாத்தா பாட்டியின் பேச்சும் நடையும் அறிந்த அவர்களைவிட இந்த ஆய்வுக்குப் பொருத்தமானவர் யார்? கல்லூரிகள் அவர்களை ஊருக்கு அனுப்ப வேண்டும். பஸ் செலவைத் தர வேண்டும். முதியவர்களின் சம்மதம் பெற்றே அளக்க வேண்டும். திட்டப்பணியின் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில், கருவியைக் கட்டிப் பார்த்த முதியவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். அவர் கையிலும் மதிப்பெண் இருக்கட்டும்.