அணிகளின் பட்டியலும் ஆங்கிலத் தேர்வும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் பதினோராம் வகுப்பில் எழுதப்படும் ஏ.பி. ஆங்கில மொழித் தேர்வு மே மாதத்தில் நடைபெறுகின்றது. ஏப்ரல் பிறந்துவிட்டால் வழிகாட்டி நூல்கள் வீட்டின் உணவு மேசையை நிறைத்துவிடுகின்றன. கூடவே ஒரு நீண்ட பட்டியலும் வந்து சேரும். அனஃபரா, ஆன்டிதீசிஸ், சினெக்டகி எனக் கிரேக்கப் பெயர் தாங்கிய அணிகள் அதில் வரிசை கட்டி நிற்கும். பிள்ளை அதனை மனனம் செய்கின்றது. பெற்றோர் மனநிறைவு கொள்கின்றனர். அந்த மனநிறைவுதான் எனக்குக் கவலையளிக்கின்றது.

மூன்று கட்டுரைகளுக்கு மொத்த மதிப்பீட்டில் 55 விழுக்காடு. எஞ்சிய 45 விழுக்காடு பலவுள் தெரிவு வினாக்களுக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள். அவற்றுள் 4 புள்ளிகள் சான்றுக்கும் அதனை விளக்கும் திறனுக்கும் உரியவை. அணியின் பெயரைச் சொல்வதற்கென்று தனிப் புள்ளி எதுவும் இல்லை.

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலை எடுத்துக்கொள்வோம். அவருடைய போராட்டம் காலத்திற்குப் பொருந்தாதது எனக் கண்டித்த எட்டு வெள்ளையினச் சமயத் தலைவர்களுக்கு எழுதிய மறுமொழி அது. அதில் 300 சொற்களுக்கும் மேலாக நீளும் ஒரே வாக்கியம் உண்டு. பட்டியல் படித்த மாணவர் அங்கே அனஃபராவைக் கண்டு மகிழ்ந்து, அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறார். ஆனால் பொறுத்திருங்கள் என்று அறிவுரை கூறியவர்களை, அவ்வாக்கியம் முடியும் வரை பொறுத்திருக்க வைக்கிறார் கிங். காத்திருத்தலின் சுமையை அவர்கள் மூச்சிலேயே உணரச் செய்கிறார். இதனை எழுதும் மாணவருக்கு அனஃபரா என்ற பெயர் மறந்துபோனாலும் இழப்பில்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. சூழலின் தேவைக்குப் பேச்சு பொருந்தி அமைவதே பலாகா என்று அரபு அறிஞர்கள் வரையறுத்தனர். அரிஸ்டாட்டிலின் சொற்கலை நூலுக்கு இப்னு ருஷ்து உரை வரைந்தார். பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்நேரத்தில், எதற்காக என்பனவற்றையே இத்தேர்வும் கேட்கின்றது.

வாதக் கட்டுரையில் வேறொரு சிக்கலைக் காண்கிறேன். இன்ன கருத்தே சரியானது என்று அங்கே எதுவும் இல்லை. சொந்த வாழ்விலிருந்தும் சான்று தரலாம். எனினும் நம் பிள்ளைகள் தம் வீட்டை மறைத்துக்கொண்டு எழுதுகின்றனர். காந்தி, ஹிட்லர், ஐன்ஸ்டைன் ஆகிய மூவருமே எல்லாத் தலைப்புகளுக்கும் சான்றாகி அலுத்துப்போகின்றனர். மருத்துவருக்கும் பாட்டிக்கும் இடையே நின்று மொழிபெயர்த்த பெண்ணுக்கு, எந்தச் சொல்லை எப்போது மென்மையாக்க வேண்டும் என்பது தெரியாதா? ஜும்ஆத் தொழுகைக்கு ஓர் அறை வேண்டிப் பள்ளி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதிய மாணவன், கேட்பவரின் மனத்தை எடைபோட்டுத்தானே எழுதியிருப்பான்? மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் இவற்றை விட்டுவிடுவது, கையிலிருக்கும் வலுவான சான்றை விட்டுவிடுவதாகும். இந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கியதில் பெற்றோராகிய நமக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். "உன்னைப் பற்றி எழுதாதே, பொதுவாக எழுது" என்று சொல்லாத வீடு எத்தனை?

நாளும் ஒரு தலையங்கத்தைப் பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். "இவர் யாரிடம் பேசுகிறார்? இதை ஏன் முதலில் சொன்னார்?" என்று தமிழில் கேட்டாலே போதும், பிள்ளை விளக்கத் தொடங்கும்.

2025 முதல் இத்தேர்வு புளூபுக் செயலியில் தட்டச்சு செய்தே எழுதப்படுகின்றது. வாசிப்புக்கான 15 நிமிடங்கள் போக, ஒரு கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடங்களே கிடைக்கும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் கடிகாரத்தை முன்வைத்து, தட்டச்சிலேயே எழுதிப் பழகட்டும். எழுதியதை வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும்.