கூடாரம் கற்றுத் தரும் பாடம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நாம் ஏட்டில் படித்த பாடங்களில் ஒன்று ஒற்றுமை. ஆறாம் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினோம். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசும் வாங்கினோம். ஆனால் மாலை மணி அடித்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர் போனோம். ஒரே பெஞ்சில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தவனுடைய வீட்டு வாசலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் ஓராண்டில் மூன்று நாட்களாவது வீட்டை விட்டு வெளியே தங்கும் முகாம் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்குச் சற்று வெட்கமான ஒரு காரணமும் உண்டு.

ஏழாம் வகுப்பில் நான் சாரணர் படையில் இருந்தேன். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் மூன்று நாள் முகாம். அணிக்கு ஆறு பேர். அணியைச் சீட்டுக் குலுக்கித்தான் சாரண ஆசிரியர் பிரித்தார். என் அணியில் காலனித் தெருப் பையன் ஒருவன் இருந்தான். அடுப்பு மூட்டுவதில் அவன்தான் கெட்டிக்காரன். முதல் நாள் இரவு அவன் சோறு வடித்தான். நான், "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு போன முறுக்கைக் கூடாரத்துக்குள் தின்றேன். அவன் சமைத்ததைத் தின்னாதே என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தேன். பன்னிரண்டு வயதுக்குள் அந்தப் பாடம் மட்டும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது!

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. முறுக்குப் பொட்டலம் கூழாயிற்று. அவன் மண்வெட்டியை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை விட்டதும் ஈர விறகோடு அரை மணி நேரம் போராடி அடுப்பைப் பற்ற வைத்தான். பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்து, "சாப்பிடுடா, உன் வயித்து வலி பசியால வந்ததுதான்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சாப்பிட்டேன். அன்றிலிருந்து அவன் என் நண்பன். பத்தாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். அன்று நான் சொன்னது பொய் என்று இன்றுவரை அவனிடம் என் வாயால் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் ஏழு ஆண்டுகளில் செய்யாததை மழையும் பசியும் ஓர் இரவில் செய்தன. இது எப்படி நடந்தது?

சாரணர் இயக்கமே இப்படி ஒரு முகாமில் பிறந்ததுதான். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டிச் சென்றார். சிலர் பணக்காரர்கள் படிக்கும் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வெளியில் ஒருவரோடொருவர் பேசியே இராத இவர்களை நான்கு அணிகளில் கலந்து விட்டார். ஆனால் அந்த இயக்கம் நம் நாட்டுக்கு வந்தபோது முதலில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதையும் வரலாற்று மாணவன் மறக்கக் கூடாது. அதனால்தான் 1916-இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். கூடாரம் அடித்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. உள்ளே யாரை விடுகிறோம் என்பதே முதற் கேள்வி.

உள்ளே விட்ட பிறகு எப்படி நடத்துகிறோம் என்பது இரண்டாவது கேள்வி. நம் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1922-இல் வ. வே. சு. அய்யர் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி என்ற உயர்ந்த நோக்கம். ஆனால் அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவு என்ற செய்தி வெளிவந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். நோக்கத்தின் உயர்வு அந்தக் குருகுலத்தைக் காப்பாற்றவில்லை. பந்தி பிரிந்த இடத்தில் பள்ளியும் பிரிந்தது.

மூன்றாவது ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலார், ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பகுதியில் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களுக்கு ஒரு முகாம் நடத்தினார். இரண்டு குழுக்களாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி நடத்தினார். கயிறு இழுத்தல், பந்தாட்டம். சில நாட்களுக்குள் ஒரு குழுவின் கொடியை மற்றது எரித்தது. ஒருவர் அறையை மற்றவர் சூறையாடினர். சேர்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டனர்! பிறகு முகாமின் குடிதண்ணீர் நின்றுபோகும்படி செய்தார். உணவு கொண்டுவரும் லாரி கிளம்பாதபடி செய்தார். இரு குழுவும் சேர்ந்தால்தான் தண்ணீரும் சோறும் என்றானபோது, கயிறு இழுக்கும் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி இருவரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள். ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் போக வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

அந்தச் சிறுவர்கள் ஒரே நிறம், ஒரே வகை வீட்டுப் பிள்ளைகள். நம் பிள்ளைகளிடையே உள்ள பிரிவு ஒரு வாரத்தில் உண்டாக்கியது அன்று; நூற்றாண்டுகளின் பழக்கம். சிறுவர்களிடம் நோக்கத்தை மறைத்து அவர் செய்த சோதனையை நாம் திருப்பிச் செய்யவும் வேண்டாம். ஆயினும் பாடம் தெளிவாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார வைப்பதால் மட்டும் நட்பு வராது. ஒருவன் கை இல்லாமல் மற்றவனுக்கு ஆகாது என்ற ஒரு வேலை வேண்டும். கண்மாய்க் கரையில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நல்லது. ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம்? கூடாரக் கயிற்றைக் கொடுப்போம் என்கிறேன் நான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பன்னிரண்டு என்று ஒரு வயது இருக்கிறது. வளைவதற்கு அது கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்புக் கெடும் என்பார்கள். மூன்று நாளில் கெடும் படிப்பு எந்தப் படிப்பு? செலவாகும் என்பார்கள். கட்டணம் வாங்கி மலைக்கு அழைத்துச் செல்லும் முகாம்களை நான் கேட்கவில்லை. பள்ளி மைதானம், கொஞ்சம் அரிசி பருப்பு, நாலு அடுப்பு போதும். பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்ற தாய்மாரின் அச்சம் மட்டும் நியாயமானது. ஆசிரியைகளும் மூத்த மாணவியரும் உடன் தங்க வேண்டும். தாய்மாரும் வந்து பார்க்கட்டும். ஆற்றிலோ குளத்திலோ பிள்ளைகளை இறக்கவே கூடாது. அச்சத்துக்கு விடை பாதுகாப்பு; பெண்களை விட்டுவிட்டுப் போவது அன்று.

இதைச் செய்வதற்கு ஆள் இருக்கிறது, மாணவ நண்பர்களே! நாம்தான் அந்த ஆள். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் கிராமத்தில் தங்குகிறோம். புல் செதுக்குகிறோம், கோயில் வாசலைப் பெருக்குகிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அந்த ஏழில் மூன்று நாட்களை அந்த ஊர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம். கோப்பையும் கேடயமும் வேண்டாம். ஒரே அடுப்பு, ஒரே பந்தி. இன்று சமைத்தவர் நாளை பரிமாறட்டும். விரிவுரையாளர் பெருமக்கள் வரும் ஆண்டுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படி ஒரு முகாம் நடந்தால் அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுக்க என் நண்பனைத்தான் அழைப்பேன். அவன் சமைத்த சோற்றை முதல் நாள் இரவே சாப்பிடுவேன்.