இன்றே முடிவு செய்ய வேண்டுமா?

நோயின் பெயர் தெரிந்த முதல் வாரத்தில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவுகளைப் பற்றி இந்த இதழில் எழுத விரும்புகிறோம். மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் நிறைய எழுதப்படுகிறது. அந்த ஒரு வாரத்தில் அடகுக்குப் போகும் நகை, கைநீட்டி வாங்கும் வட்டிப் பணம், நின்றுபோகும் பிள்ளையின் படிப்பு, பாதியில் கைவிடப்படும் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. நோய் தணிந்து ஆண்டுகள் சென்ற பிறகும் இவற்றின் சுமை வீட்டில் தங்கியிருக்கிறது.

எங்களிடம் வரும் குடும்பங்களில் பல பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒருவர் படுத்துவிட்டால் என்ன நிகழும் என்பதை வெளியூர் மருத்துவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த இதழின் வாசகர்களுக்கு அது தேவையில்லை. கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா விடத் துணையாள் ஒருவர் வேண்டும். ஆகவே நெய்பவரோ துணையாளோ நோயுற்றால் தறி அன்றே நிற்கிறது. தறியில் ஏறிய பாவு பெரும்பாலும் மூன்று சேலைக்கானது. முதலாளியிடமோ சங்கத்திலோ வாங்கிய முன்பணம் அந்தப் பாவின் மேல் நிற்கிறது. மருத்துவமனைச் செலவு ஒரு பக்கம், நின்றுபோன கூலி மறுபக்கம். இரண்டும் ஒரே நாளில் வருகின்றன.

அந்த நேரத்தில் மனம் திணறுவது இயல்பு. அதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டியதில்லை. அச்சம் வந்தால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன; ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. புலியின் முன் இது உதவும். பயாப்சி அறிக்கையின் முன் உதவாது. நான்கைந்து வழிகளை எடுத்துவைத்து நிதானமாக ஒப்பிடும் திறன் அப்போது குறைந்துபோகிறது. ‘ஏதாவது செய், இப்போதே செய்’ என்ற ஒரே குரல் மட்டும் உரக்கக் கேட்கிறது. எதையாவது செய்துவிட்டால் அந்தக் குரல் சற்று நேரம் அடங்குகிறது. அவசர முடிவு தரும் நிம்மதி அதுதான். நோய்க்கும் அந்த நிம்மதிக்கும் தொடர்பு இல்லை.

முதலில் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், பாம்புக்கடி, விபத்து ஆகியவற்றில் நிதானம் என்ற சொல்லுக்கே இடமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். மூளைக் குருதிக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அங்கே யோசித்துக்கொண்டு நிற்பதே தவறு.

மற்றைய பெரும்பாலான நோய்களில் மருத்துவரைப் பார்த்து நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எவ்வளவு செலவாகும்’ என்பதுகூட அன்று. ‘இந்த முடிவை எடுக்க எங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் உண்டு?’ என்று கேளுங்கள். இரண்டு நாள் என்பார், ஒரு வாரம் என்பார், அல்லது இன்று மாலைக்குள் என்பார். எந்த விடையாயினும் அது உங்கள் அச்சம் குறித்த கெடு ஆகாது. மருத்துவம் குறித்த கெடு. இவ்விரண்டுக்கும் இடையே பெரும்பாலும் சில நாள்கள் கிடைக்கின்றன. அந்த நாள்களில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், நெருக்கடியில் இருப்பவர்களுக்காகப் படங்கள் நிறைந்த ஒரு கையேட்டை வெளியிட்டது. போரிலிருந்து தப்பி உகாண்டாவில் தங்கியிருந்த தெற்குச் சூடான் அகதிப் பெண்கள் ஏறத்தாழ எழுநூறு பேரிடையே அதன் பாடங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டு, மனத்துயர் குறைவது காணப்பட்டது. வீடும் நிலமும் இழந்த பெண்களுக்கு அந்தக் கையேடு என்ன சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘கவலைப்படாதே’ என்று அது சொல்லவில்லை. கவலை ஒரு கொக்கியைப் போல நம்மை மாட்டி இழுக்கிறது; மாட்டிக்கொண்டோம் என்பதைக் கவனித்து, ‘இதோ அச்சம் வந்திருக்கிறது’ என்று அதற்குப் பெயரிட்டு, பாதங்களைத் தரையில் அழுத்தி, மெல்ல மூச்சை விட்டு, கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கச் சொல்கிறது. பின்னர், ‘எத்தகைய மனிதராக வாழ விரும்புகிறீர்கள்?’ என்று கேட்கிறது. கடினமான எந்த நிலையிலும் வழிகள் மூன்று என்கிறது அது: விலகிச் செல்வது, மாற்றக்கூடியதை மாற்றி, மாற்ற முடியாத வலியை ஏற்றுக்கொண்டு, நாம் மதிக்கும் விழுமியங்களின்படி நடப்பது, அல்லது அவற்றைக் கைவிட்டுவிடுவது. நோயிலிருந்து விலகிச் செல்ல முடியாது. எஞ்சியவை இரண்டுதான்.

விழுமியம் என்றால் பெரிய சொல்லாகத் தோன்றலாம். அது குறிக்கோள் அன்று. ‘மகனைப் பொறியாளர் ஆக்குவேன்’ என்பது குறிக்கோள். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ‘என் பிள்ளையின் படிப்பை என் துன்பத்திற்கு விலையாகக் கொடுக்க மாட்டேன்’ என்பது விழுமியம். அதை இன்றே கடைப்பிடிக்க முடியும். ‘யாருக்கும் பொய்க்கடன் படமாட்டேன்’, ‘நோயாளியிடம் மறைத்து எதையும் செய்ய மாட்டோம்’, ‘வீட்டில் ஒருவர் மேல் மட்டும் சுமையை ஏற்ற மாட்டோம்’ என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில இருக்கும். பெரும்பாலும் அவற்றைச் சொல்லிப் பார்த்ததே இருக்காது.

பிள்ளையின் படிப்பை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்துத் தறிகளில் சிறுவர்கள் துணையாளாக அமர்ந்திருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 2000-களில் அரசும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இம்மாவட்டத்தில் சிறுவர்களைத் தறியிலிருந்து பள்ளிக்கு மீட்கும் திட்டத்தை நடத்தின. இன்று பெற்றோரில் மிகப் பலர் ‘என்னோடு இந்தத் தறி போகட்டும், பிள்ளை படிக்கட்டும்’ என்று மனமார விரும்புகிறார்கள். ஆனால் தந்தை நோயுற்ற வாரத்தில் வீட்டுக் கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. ஏறிய பாவை முடித்தாக வேண்டும், துணையாள் இல்லை, பையன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான், ‘ஒரு மாதம் மட்டும்’ என்று தாய் நினைக்கிறாள். அந்த ஒரு மாதம் எப்படி நீளும் என்பதைத் தெருவில் எல்லோரும் அறிவார்கள். அந்த வீட்டில் எவரும் கல் நெஞ்சினர் அல்லர். திணறிய மனத்திற்கு அருகில் இருந்த கை அந்தப் பையனுடையதாக இருந்தது, அவ்வளவே.

இங்கே விழுமியம் என்ன உதவி செய்யும்? பணம் தராது. ஒரு வழியை மட்டும் அடைத்துவிடும். ‘பையனை உட்கார வைப்பதில்லை’ என்று முடிவாகிவிட்டால் மற்ற வழிகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஏறிய பாவைப் பங்குக்கு முடித்துத் தர உறவினர் ஒருவரைக் கேட்கலாம். மருத்துவச் சீட்டைக் காட்டி முதலாளியிடமோ சங்கத்திலோ தவணை கேட்கலாம். அடுத்த பாவைக் கோர்வை இல்லாத சேலைக்கு ஏற்றினால் ஒருவரே நெய்யலாம். கூலி குறையும், ஆனாலும் அடுப்பு எரியும். பள்ளித் தலைமையாசிரியரிடம் வீட்டு நிலையைச் சொல்லிவைக்கலாம். இவற்றில் ஒன்றும் எளிதன்று. முதல் நாள் இரவில் இவை எவர் நினைவுக்கும் வருவதில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வட்டிக்கு வாங்குவதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு அது வழி செய்கிறது. அட்டை இல்லையெனில் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதுபோலவே, புற்றுநோய் என்றதும் இருக்கும் நகையை விற்றுக்கொண்டு தொலைதூரத்துக்கு ஓடுகிறவர்களில் சிலருக்குக் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது நினைவுக்கு வருவதில்லை. 1969 முதல் இருக்கிறது. வேறிடம் செல்லக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுச் சாசனம் அதைச் சொல்கிறது, மருத்துவப் பதிவுகளின் நகலைப் பெறும் உரிமையையும் சொல்கிறது. கேட்டால் எங்கள் மருத்துவர் மனம் கோணுவாரோ என்று அஞ்ச வேண்டாம். கோணினால் அது அவர் பாடு.

வேறொரு அவசரம் எதிர்த்திசையில் நிகழ்வது: ‘இனி ஒரு நிமிடமும் இங்கே இருக்க மாட்டோம்’ என்று மருத்துவர் அறிவுரைக்கு மாறாகக் கையொப்பமிட்டு வெளியேறுவது. வார்டில் ஒரு கடுஞ்சொல், கேள்விக்கு விடை சொல்லாத ஓர் அலட்சியம், உறவினர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, போதும். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அக்கோபத்தை எங்களிடம் எழுதிக் கொடுங்கள். ஆனால் நோயாளியின் நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும் மருந்துக்கு அந்தக் கோபம் தெரியாது. வெளியேறும் தாளில் கையொப்பமிடும் முன், ‘எங்களுக்கு முக்கியமானது அவர் நலமா, நம் மானமா?’ என்று குடும்பத்தில் ஒருவராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

‘அவர்’ என்று சொல்லும்போது எங்களுக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை ஒன்றையும் இங்கே வைக்கிறோம். முடிவெடுக்கும் கூட்டத்தில் நோயாளி இருப்பதேயில்லை. மைத்துனர் இருப்பார், சித்தப்பா இருப்பார், தெருவில் நாலு பேரைத் தெரிந்த ஒருவர் இருப்பார். படுத்திருப்பவரிடம் ‘வயிற்றில் சின்னப் புண்’ என்று சொல்லிவைத்திருப்பார்கள். அன்பினால்தான். ஆயினும் யாருடைய உடலோ அவருடைய விழுமியத்தை அறியாமல் மற்றவர்கள் எப்படித் தேர்வு செய்வது? நீளும் நாள்களை விரும்புகிறாரா, வலியில்லாத நாள்களையா, பேத்தியின் திருமணம் வரையிலான நாள்களையா? அவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதை மருத்துவரோடு கலந்து செய்யலாம். சொல்லாமலே விடுவதை நாங்கள் ஏற்பதில்லை.

இந்த ஊரில் பிறந்த அண்ணா 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றார், நவம்பரில் திரும்பினார். 1969 ஜனவரி 14 அன்று சென்னையில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று உரைக்க நாங்கள் யார்? எஞ்சிய நாள்களில் ஒன்றை நண்பருக்குக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லலாம். இது எல்லோருக்கும் முன்மாதிரி என்று கொள்ளக் கூடாது. அதே நிலையில் வேறொருவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டாரோடு இருக்க விரும்பினால் அதுவும் அவர் விழுமியமே.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். விழுமியம் என்ற பெயரில் பிறருடைய எதிர்பார்ப்பு ஒருவர் தலையில் ஏற்றப்படுவதைக் காண்கிறோம். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டு மருமகள் அல்லது மகள். ‘கடமையல்லவா’ என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போவார்கள்; இரவு விழிப்பவள் அவள் ஒருத்தி. தெரு சொல்வது விழுமியம் ஆகாது. தன் வாயால் தானே ‘இது எனக்கு முக்கியம்’ என்று சொல்லக்கூடியதே விழுமியம். ‘மாமியாரைப் பார்த்துக்கொள்ள விரும்புகிறேன், ஆனால் வாரத்தில் இரண்டு இரவு நான் உறங்க வேண்டும்’ என்று ஒரு பெண் சொன்னால், அதில் இரண்டு விழுமியங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.

பிள்ளையார்பாளையத்துக் கயிலாசநாதர் கோயிலைக் கடந்து செல்லும்போது பூசலார் கதை சிலருக்கு நினைவுக்கு வரும். காடவர்கோன் கற்றளிக்கு நாள் குறித்துவிட்டான். அதே நாளில் நின்றவூரில் ஓர் ஏழை தன் மனத்தில் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு என்று கனவில் அறிகிறான். மன்னன் தன் நாளைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஏழையைத் தேடிப் போனான். பக்தர்கள் அதில் பக்தியைக் காண்பார்கள். குறித்த நாளை மாற்றலாம் என்பதை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சிறிதுதான். ஒரு தாளில் குடும்பத்துக்கு முக்கியமான மூன்று செய்திகளை நோயாளியையும் கேட்டு எழுதுங்கள். மருத்துவரின் கெடுவை அதன் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு யோசனையையும் அந்தத் தாளோடு வைத்துப் பாருங்கள். பணம், கையொப்பம், படிப்பு ஆகிய மூன்றில் எது சம்பந்தப்பட்டாலும், கெடு அனுமதித்தால், ஓர் இரவு உறங்கிய பின்னரே செய்யுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஆலோசனைப் பிரிவில் எழுதித் தருகிறோம். நள்ளிரவில் மனம் தாங்க முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் தொலைபேசி 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.