18 நிமிஷம்தான் டைம்!

போகிக்கு ஒட்டடை அடிக்கவே வீட்டில் ஆறு தடவை கூப்பிட வேண்டிய ஆசாமியா நீங்கள்? யூதராகப் பிறக்காமல் தப்பித்தீர்கள், ஸார்.

அவர்களுக்கு பஸ்கா என்றொரு பண்டிகை. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் அவசர அவசரமாகக் கிளம்பியபோது, பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லையாம். அந்த ஞாபகத்தில் எட்டு நாளைக்கு (இஸ்ரேலில் ஏழு) புளித்த பண்டம் ஆகாது. சாப்பிடாமல் இருந்தால் போதாது, வீட்டிலேயே இருக்கக்கூடாது. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் (இது கோதுமைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்), இந்த ஐந்தில் எந்த மாவானாலும் தண்ணீர் பட்டு 18 நிமிஷத்துக்குள் வெந்தாக வேண்டும். இல்லையென்றால் புளித்ததாகக் கணக்கு. நம் வீட்டில் 18 நிமிஷத்தில் கிரைண்டரைக் கழுவி முடிப்பதே சாதனை.

ஆகவே சோபா இடுக்கு, அலமாரி, சட்டைப் பை, எல்லாவற்றிலும் பிஸ்கட் தூள் வேட்டை. படுக்கையில் வாரப் பத்திரிகையும் முறுக்குமாகப் படுக்கிறவர்கள் கவனிக்கவும். பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி மெழுகுவர்த்தியும் இறகுமாக வீடு முழுக்கக் கடைசி சோதனை. ஒன்றுமே அகப்படாமல் போய்விடக்கூடாதே என்று, பத்து ரொட்டித் துண்டுகளைத் தாங்களே ஒளித்து வைத்துத் தேடுகிற வழக்கமும் உண்டு! கிடைத்ததை மறுநாள் காலையில் கொளுத்திவிடுவார்கள்.

விஸ்கி? அது பார்லி சமாசாரம், ஆகவே அதுவும் அவுட். கொட்ட மனசு வராதவர்கள் வேற்று மதத்துக்காரருக்குப் பத்திரம் எழுதி விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்த எட்டு நாளும் பாட்டிலுக்குச் சட்டப்படி அவர்தான் முதலாளி. இப்படிப்பட்ட நண்பர் எனக்கு வாய்க்கவில்லை.

இதெல்லாம் ஏதோ சீமைக் கதை இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்தத் தெருப் பெண்கள் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுவார்களாம். சுவருக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்துத் தேய்த்துக் கழுவி, பஸ்காவுக்கென்றே பூட்டி வைத்த பாத்திரங்களை வெளியே எடுத்து... ஐரோப்பிய யூதர்கள் பலர் அரிசியையும் தள்ளி வைத்தார்கள். கொச்சிக்காரர்கள் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மலையாள மண்ணாச்சே! அதற்குப் பதிலாக அரிசியை மணி மணியாகப் பொறுக்கினார்கள். என்னைக் கேட்டால் தள்ளி வைப்பதே சுலபம்.

எங்கள் மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

“நல்ல சுத்தமான ஜனங்கதான் தம்பி. உப்பு சேத்துக்குவாங்களா?”

“உப்பு இல்லாம பண்டிகையே இல்லண்ணே. கீரையை உப்புத் தண்ணியில தொட்டுத் திம்பாங்க. அடிமையா இருந்தப்ப விட்ட கண்ணீராம் அது.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அதுக்குத் தனியா உப்பு வேற போடணுமா?”

பங்குனி சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித்தான் பஸ்கா வரும். இங்கே பாத்திக்குப் பாத்தி உப்புக் குவிகிற காலமும் அதுதான்.

1948-ல் இஸ்ரேல் பிறந்தது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலேறவும் விமானமேறவும் கிளம்பிவிட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற கிராமத்தில் அவர்கள் கட்டிய யூதக் கோயிலும், கொச்சி வாழ்க்கையைச் சொல்லும் மியூசியமும் இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் 2019-ல் சாரா கோஹன் பாட்டி காலமானார், வயது 96. 2024-ல் குயீனி ஹலேகுவாவும் போய்விட்டார். மிச்சமிருக்கும் பரதேசி யூதர்களை எண்ண ஒரு கை விரல்கூட முழுசாக வேண்டாம். கிணறு இறைக்க எத்தனை பேர் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் ராத்திரி இன்றும் ‘பெசஹா அப்பம்’ சுடுகிறார்கள். பெசஹா என்றால் பஸ்காதான். அரிசி மாவு, புளிக்க வைக்காதது. வீட்டுப் பெரியவர் ஜெபம் சொல்லி, வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்.