ஒரு மாணவர், ஒரு கல்லறை

நெதர்லாந்தின் ஆர்னெம் நகரை ஒட்டிய ஊஸ்டர்பீக் என்ற சிற்றூரில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பரில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அங்கு வருகின்றனர். கல்லறைக்கு ஒருவராக நின்று மலர் வைக்கின்றனர். 1945 முதல் இது நடந்து வருகிறது.

அங்கு உறங்குவோரில் பெரும்பாலோர் வானிலிருந்து இறங்கிய வீரர்கள். 1944 செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய 10,000 பேர் பாராசூட்டிலும் இயந்திரமில்லா கிளைடர்களிலும் அங்கு இறக்கப்பட்டனர். ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, தரைவழியே நேசப் படை வரும்வரை இரண்டு நாள் காக்க வேண்டும் என்பதே கட்டளை. தரைப்படை வந்து சேரவில்லை. பாலத்தின் வடமுனையைச் சில நூறு பேர் நான்கு நாள் தாங்கிப் பிடித்தனர். மற்றவர்கள் ஊஸ்டர்பீக்கில் சுற்றி வளைக்கப்பட்டனர். ஒன்பதாம் நாள் இரவு ஆற்றைக் கடந்து தப்பியோர் சுமார் 2,400 பேர். 6,000க்கும் அதிகமானோர் கைதிகளாயினர்.

அதாவது, இது தோல்வியின் நினைவிடம். அந்தத் தோல்விக்கு ஊர்மக்களும் விலை கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினர். அடுத்து வந்த குளிர்காலத்தில் நாட்டின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது. “மீட்க வந்தவர்களால்தான் கெட்டோம்” என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால், இடிந்த வீடுகளுக்குத் திரும்பிய அதே ஆண்டில் பிள்ளைகளிடம் மலர் கொடுத்து அனுப்பினார்கள்.

1969இல், 25 ஆண்டுகள் ஆகிவிட்டன, இந்நிகழ்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் பாராசூட் படைப்பிரிவே கருதியது. டச்சு மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்தான் நம் கிராஞ்சியையும் தைப்பிங்கையும் பராமரிக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் கிராஞ்சிக்குச் சென்ற மாணவர்கள் பலர் இருப்பீர்கள். பேருந்தில் இறங்கி, குழுப் படம் எடுத்து, பயிற்சித்தாளை நிரப்பித் திரும்பியிருப்பீர்கள். குற்றம் உங்களுடையதன்று, 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்ட சுவர்களின் முன் நிறுத்தினால் யாருக்கும் எந்தப் பெயரும் மனத்தில் நிற்காது. எண் பெரிதாகப் பெரிதாக மனிதன் மறைந்துபோகிறான்.

ஊஸ்டர்பீக் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்படுவது ஒரே ஒரு கல். பெயர் தெரியாதவரின் கல்லுக்கும் ஒரு பிள்ளை உண்டு.

நம் பள்ளிகளும் இதைச் செய்யலாம். செலவு அதிகமில்லை. கிராஞ்சிச் சுவர்களில் இந்திய ராணுவத்தினரின் பெயர்கள் ஏராளம். சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு அங்கே தனி நினைவுச் சின்னமும் உண்டு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பலருக்கு ஊரும் பெற்றோர் பெயரும்கூட ஆணையத்தின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அடுத்த பயணத்துக்கு முன் ஆசிரியர் ஆளுக்கொரு பெயரைக் கொடுக்கட்டும். அதைச் சுவரில் தேடிக் கண்டுபிடித்த பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம்.