டிரைவரின் இடுப்பு வலி தலைவிதியா?

"உட்கார்ந்துதானே வண்டி ஓட்டுகிறான்! அவனுக்கென்ன இடுப்பு வலி?" என்று கேட்கிறார்கள் முதலாளிமார்கள். நாற்று நட்டுக் குனிந்த முதுகும், ஆலையில் நின்று மரத்த காலும் படும் பாடு நம் தோழர்களுக்குத் தெரியும். உட்கார்ந்த முதுகு படும் பாட்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கே உற்பத்தியாகும் கார்களைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்பவர் டிரெய்லர் டிரைவர். விடியுமுன் ஊர் ஊராகச் சென்று ஷிப்டுத் தொழிலாளரை ஏற்றி வருபவர் பஸ் டிரைவர். இவர்கள் நின்றால் ஆலை நின்றுவிடும்.

இவர்கள் உடம்பில் நடப்பது என்ன? வண்டியின் அதிர்வு ஸீட் வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலுள்ள வட்டுகளுக்கு உள்ளே ரத்தக் குழாய் கிடையாது. உடம்பின் அசைவும் ஓய்வும்தான் அவற்றுக்கு ஊட்டம் சேர உதவுகின்றன. அசையாமல் மணிக்கணக்கில் குலுங்கினால் அவை கெடாமல் என்ன செய்யும்? தேய்ந்த ஸ்பிரிங், உடைந்த ஸீட், குழி விழுந்த ரோடு, ஓய்வில்லாத டிரிப், இறங்கியதும் சரக்குத் தூக்கும் வேலை. இவற்றில் எது தலைவிதி?

1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றது. அதை 2020ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்தில் கரைத்தார்கள். அதிலும் 8 மணி என்றே எழுதியிருக்கிறது. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் அந்த 8 மணி காகிதத்தில் தூங்குகிறது! ஓய்வெடுத்தால் கூலி போகும். ஓட்டினால் இடுப்பு போகும்.

ஒரகடத்தில் 2012 முதல் ஜெர்மானிய டெய்ம்லர் கம்பெனி லாரி செய்கிறது. அந்த ஜெர்மனியில், நெடுங்காலம் அதிர்வில் உட்கார்ந்து உழைத்து இடுப்பு வட்டு கெட்டால் அது தொழில் நோய் என்று 1993லேயே சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்நாட்டு லாரி இங்கு வரலாம். அந்நாட்டு டிரைவரின் உரிமை மட்டும் வரக் கூடாதா?

அதிர்வு தாங்கும் ஸீட், ஓய்வு நேரத்துக்கும் கூலி, சரக்கு ஏற்றி இறக்கத் தனி ஆள், வருஷந்தோறும் மருத்துவப் பரிசோதனை, இடுப்பு கெட்டவருக்கு நஷ்டஈடு. இவையே நமது கோரிக்கைகள்.

கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது!

டிரைவர் ரோட்டில் தனியே ஓடுகிறார். போராட்டத்தில் அவரைத் தனியே விடக் கூடாது. ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அவர் பக்கம் அணிவகுத்து நிற்போம்!